முப்பத்திரண்டுக்குள்

அந்த மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க்க எடை மெஷின் மாதிரிதான் இருக்கும். வெறுங்காலுடன் ஏறி நின்று, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். உடம்புக்குள் மெல்லிசாக மின்சாரம் விட்டுப் பார்த்து, இந்த ஆளிடம் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று ஒரு எண்ணைக் காட்டும். ஆனால் அதற்கு முன்னால் நாம் அதற்கு மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும்: வயது, உயரம், ஆணா பெண்ணா. முதல் இரண்டுக்கும் எண்களை அமுக்கலாம். மூன்றாவதுக்கு இரண்டே பொத்தான்கள். ஒன்றில் கால்சட்டை போட்ட பொம்மை, இன்னொன்றில் பாவாடை கட்டிய பொம்மை. அவ்வளவு பெரிய மேதாவி மெஷினுக்கு இதைக்கூட நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இனி ஆளுக்கு வருவோம். அவனுக்கு வயது முப்பத்து நான்கு. வீட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றில் டெலிவரி வேலை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அலமாரி என்று எது விற்றாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், லிஃப்ட் இல்லாத வீடாக இருந்தால் தோளில் அகலமான வாரை மாட்டி மாடி ஏற்ற வேண்டும். லிஃப்ட் இல்லாத வீட்டுக்காரர்கள்தான் கடையிலேயே பெரிய ஃபிரிட்ஜாகப் பார்த்து வாங்குவார்கள், அது என்ன ராசியோ. கூட்டாளி ஒருவர் உண்டு, வண்டி ஓட்டுவதும் அவரே. அவருடைய உடம்பு வாகைப் பார்த்துக் கடையில் எல்லோரும் பீப்பாய் என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். பீப்பாய் இவனுக்கு வைத்த பெயர் எஞ்சின். "எஞ்சின் இருக்கும்போது எனக்கு என்ன கவலை" என்று சொல்லிவிட்டு, தூக்குகிற சாமானின் லேசான பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பெயரைக் கேட்டால் அவனுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

கடையில் யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. பிறந்தபோது பெண் குழந்தை என்று பதிவானவன் அவன். திருநம்பி. மூன்று வருடமாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறான். குரல் உடைந்து கட்டையாகிவிட்டது. தாடியும் வந்திருந்தது. நாலு முடி என்பாள் அக்கா, அவன் கணக்கில் அதற்கு மேலேயே இருந்தது. பாக்கி நெஞ்சு ஒன்றுதான். ஒன்பது வருடமாக அதை ஒரு இறுக்கு பனியனுக்குள் அமுக்கி வைத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் ஃபிரிட்ஜ் தூக்கினான், அதைப் போட்டுக்கொண்டுதான் ஜிம்முக்குப் போனான். மூச்சு எப்போதும் பாதிதான் வரும். முழு மூச்சு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. மார்பை எடுத்துவிடுகிற அறுவை சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் காத்திருந்து, ஒருவழியாக முதல் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

கூட அக்கா வந்தாள். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்காரர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று தனக்கு அத்துப்படி என்பது அவளுடைய எண்ணம். ஆனால் அன்றைக்கு மெஷின் அறையில் இருந்த உதவியாளர் இவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்க்கவே இல்லை. ஃபைலைப் பார்த்தார். அடையாள அட்டை இன்னும் மாறவில்லை, ஆகவே ஃபைலில் பழையபடிதான் இருந்தது. பாவாடை பொம்மையை அமுக்கினார். முப்பத்தெட்டு என்று காட்டியது.

"முப்பத்திரண்டுக்குள்ள வரணும். அப்பத்தான் மயக்க மருந்து டாக்டர் கையெழுத்துப் போடுவாரு. மூணு மாசம் டைம். வரலைன்னா பட்டியல்ல கடைசிக்குப் போயிடும்" என்றார், ஃபைலிடம்.

"கடைசின்னா எவ்வளவு நாளாகும்?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு வருசம். கூடவும் ஆகலாம்."

பஸ்ஸில் வரும்போது அக்கா அவன் தோளில் இடித்தாள். "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் சின்ன வயசுலேயே சொல்லலை? இதுக்குப் போய் ஒரு மெஷின், அதுக்கு ஒரு ஆபீசர்." அவன் சிரித்தான். அப்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் ஜிம்முக்குப் போனான். அங்கேயும் அதே மாதிரி மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. ஏறினான். விரல் தானாகக் கால்சட்டை பொம்மைக்குப் போயிற்று. நான்கு வருடமாக அந்த ஜிம்மில் அவன் ஒரு ஆண். வேறு எதை அமுக்குவான்? முப்பத்து மூன்று என்று காட்டியது.

நேற்று முப்பத்தெட்டு, இன்றைக்கு முப்பத்து மூன்று. ராத்திரியோடு ராத்திரியாக ஐந்து புள்ளி எங்கே போகும்? யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் யோசிக்கவில்லை. நேற்று சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றோம், அந்த மெஷின் பழசு, அந்த ஆள் சிடுமூஞ்சி என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வித்தையில்தானே முப்பது வருடம் ஓட்டியிருக்கிறான்.

ஆகவே ரொம்பவும் வாயைக் கட்டவில்லை. கொஞ்சம் ரொட்டியைக் குறைத்தான், சாயங்காலம் கொஞ்சம் ஓடினான். தோளுக்குச் செய்கிற பயிற்சியில் மட்டும் கை வைக்கவில்லை. ஊசியைவிட அவன் நம்பியது தோள்களைத்தான். நாலு வருடத்துக்கு முன்னால் வெறும் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கவே கை நடுங்கும். இப்போது நாற்பது கிலோ ஏற்றித் தூக்குவான். அந்தத் தோள்கள் வந்த பிறகுதான் தெருவில் போகிறவர்கள் அண்ணே என்றும், கடைக்காரர்கள் சார் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். இடுப்பு அகலமாகவேதான் இருந்தது, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. மேலே இன்னும் அகலமாகத் தோள் இருந்தால் கீழே யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பி மட்டும் பார்ப்பதில்லை.

ஏழாவது வாரம் மெஷின் முப்பத்தொன்று என்று காட்டியது. இன்னும் ஐந்து வாரம் கையில் இருக்கிறது, வேலை முடிந்துவிட்டது. அவன் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் காது வரை போயிருக்க வேண்டும்.

பின்னால் மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். ஜிம்முக்குச் சொந்தக்காரர், தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இவனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, நல்லாத் தூக்குகிற ஆள் என்பதைத் தவிர.

"என்னத்துக்குடா இந்தச் சிரிப்பு? முப்பத்தொண்ணு வாங்கிட்டு லட்டு வாங்குன மாதிரி நிக்கிற?"

"முப்பத்திரண்டுக்குள்ள வரணும்னு சொன்னாங்க மாஸ்டர். ஆஸ்பத்திரில. ஒரு ஆபரேஷனுக்கு."

"எந்த மடையன் சொன்னான்? முப்பத்திரண்டு பொம்பளைங்க கணக்குடா. ஆம்பளைக்கு இருபத்தஞ்சு தாண்டக் கூடாது. இந்தப் பட்டனை அமுக்கினா ஒரு கணக்கு, அந்தப் பட்டனை அமுக்கினா அஞ்சு கூடக் காட்டும். உனக்குத் தப்பாச் சொல்லிட்டாங்க, போய்ச் சண்டை போடு."

சண்டை போடச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு யாருடைய முழங்காலையோ திருத்தப் போய்விட்டார்.

அவன் இறங்கினான். தண்ணீர் குடித்தான். கூட்டம் கலைகிற வரைக்கும் சைக்கிளில் உட்கார்ந்து சும்மா மிதித்துக்கொண்டிருந்தான். பிறகு போய் மறுபடி ஏறி, யாரும் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு, பாவாடை பொம்மையை அமுக்கினான். முப்பத்தாறு.

ஆஸ்பத்திரியில் ஃபைலைப் பார்த்து அமுக்கப்போவது அந்தப் பொம்மையைத்தான். ஏழு வாரத்தில் குறைந்தது இரண்டே புள்ளி. இன்னும் நாலு குறைய வேண்டும், ஐந்து வாரத்தில். இத்தனை நாளும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டதற்குச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதுவும் எதற்காக? ஒரு பொம்மையை அமுக்கக் கூசியதற்காக.

அன்றைக்குப் பிறகு அவன் சாப்பிடுவதை நிறுத்தினான் என்றே சொல்லலாம். காலையில் ஒரு முட்டை. மத்தியானம் வெள்ளரிக்காய். ராத்திரி வெந்நீர். நடுவில் பசித்தால் மறுபடி வெந்நீர். காலையில் ஒரு தடவை ஓட்டம், வேலை முடிந்து ஒரு தடவை ஓட்டம், ஓட்டம் முழுக்கப் பனியனுக்குள். முதல் வாரம் பசி வயிற்றைப் பிறாண்டியது. இரண்டாவது வாரம் தலை வலித்தது. மூன்றாவது வாரம் எல்லாம் அடங்கிப்போயிற்று. பசி இல்லை. கோபமும் இல்லை. பீப்பாய் வண்டியில் ஜோக் சொன்னால், இது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரியும். சிரிப்புத்தான் வராது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும், அப்படி மொத்த ஆளும் மரத்துப்போயிருந்தான்.

அக்கா விட்டுவைப்பாளா?

"நீ என்ன சாமியாராப் போகப் போறியா? தட்டைப் பாரு, கோழி கொத்துன மாதிரி. ஒரு வாய் சாப்பிடுடா."

"வேண்டாம்க்கா."

"நான் அடுப்படில நின்னு வேகுறேன், நீ வேண்டாங்கிற."

"இன்னும் ரெண்டு வாரம்தான்."

"ரெண்டு வாரத்துல ஆபரேஷன் பண்ண ஆள் வேணாமா? எலும்பையா கூட்டிட்டுப் போவேன்?" என்று கேட்டுவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே பாத்திரங்கள் மேல் அவள் கோபம் விழுகிற சத்தம் கேட்டது. பாவமாக இருக்கிறது என்று நினைத்தான். நினைத்ததோடு சரி, பாவம் என்கிற அந்த உணர்ச்சி மட்டும் வந்து சேரவில்லை.

எண் இறங்கியது. முப்பத்து நாலு, பிறகு முப்பத்து மூன்று. ஆனால் பட்டினிக்கு நியாயம் தெரியாது. எதை எடு என்று சொன்னால் அதை மட்டும் எடுக்காது. முதலில் தோள்களைத்தான் எடுத்தது. நாற்பது கிலோ தூக்கியவன் முப்பது தூக்கினான், பிறகு இருபதிலேயே முழங்கை மடங்கியது. சட்டைத் தோள் சரிந்து கையில் வந்து நின்றது. இடுப்பு மட்டும் வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரர் மாதிரி அசையாமல் அங்கேயே இருந்தது.

"என்னடா கரைஞ்சு போயிட்ட? காதலா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வேலை ஜாஸ்தி மாஸ்டர்" என்றான்.

நாலாவது வாரம் ஒரு வாஷிங் மெஷினை மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. குறுகலான படி, திருப்பத்தில் கைப்பிடிச் சுவர். பீப்பாய் மேலே பின்பக்கமாக ஏறினார், அவன் கீழே தாங்கிக்கொண்டு வந்தான். கனமான பக்கம் அதுதான், எப்போதும் அவனுடைய பக்கம். இரண்டாவது மாடித் திருப்பம் தாண்டி நாலு படி ஏறியதும் கண் முன்னால் வெள்ளையாக ஏதோ வந்து மூடியது. முழங்கால் மடங்கியது. மெஷின் அவன் மேல் சாய, பீப்பாய் மேலிருந்து "எஞ்சின்! எஞ்சின்!" என்று அலறிக்கொண்டே ஒற்றைக் கையால் வாரை இழுத்துப் பிடித்தார். அவ்வளவு பெரிய உடம்பு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

இரண்டாவது மாடியில் குடியிருக்கும் பெண்மணி ஒருத்தி சத்தம் கேட்டு வெளியே வந்தாள். அவளுக்குத் தெரிந்தது இவனுடைய முதுகும் இடுப்பும்தான்.

"ஐயோ, அந்தப் பொண்ணு விழுந்துடப் போகுது! ஏங்க, ஒரு பொண்ணைப் போயா இதைத் தூக்க வைக்கிறீங்க? மனசாட்சி வேணாம்?"

"பொண்ணா? யாரைச் சொல்றீங்க?" என்று பீப்பாய் மூச்சிரைக்கக் கேட்டார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "டேய் எஞ்சின், உன்னைத்தான்டா! கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்கம்மா, தாடியெல்லாம் வெச்சிருக்கான்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு வார்த்தை விழுந்தால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது, குளிக்கும்போது விளக்கை அணைத்துவிடுவான். இப்போது அந்த வார்த்தை வந்து பட்டது, பட்ட இடத்திலேயே நின்றது. வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது, அந்தப் பயமும் எங்கேயோ தூரத்தில் வேறு யாருக்கோ வந்த மாதிரி இருந்தது.

வண்டியில் ஏறியதும் பீப்பாய் தன் டப்பாவைத் திறந்து அவன் மடியில் வைத்தார். "தின்னு. உடம்பு சரியில்லைன்னா சொல்லித் தொலை. இன்னைக்கு நான் பிடிக்கலைன்னா உன்னைச் சுவரிலிருந்து சுரண்டி எடுத்திருக்கணும்." அவன் மூடியை மூடித் திருப்பிக் கொடுத்தான். பீப்பாய் அதை வாங்கிச் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"நாளைலேர்ந்து கனமான பக்கம் நான்" என்றார்.

சரி என்று தலையாட்டினான்.

கடைசி வாரம் நடந்ததில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. எழுந்தான், ஓடினான், வெந்நீர் குடித்தான், படுத்தான். ஜிம் மெஷினில் பாவாடை பொம்மையை அமுக்குவதற்கு இப்போது சுற்றுமுற்றும் பார்ப்பதுகூட இல்லை. குறித்த நாளுக்கு முந்தின காலை அது முப்பத்தொன்று என்று காட்டியது. இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஆஸ்பத்திரியில் அறுவைக்கு முந்தின பரிசோதனை எல்லோருக்கும் ஒரே அறையில்தான். முழங்கால், குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று எதற்கு வந்தவராக இருந்தாலும் ஒரே வரிசை, ஒரே மெஷின். திரை ஒன்று தொங்கியது, இழுத்து மூடத்தான் யாரும் இல்லை. இந்தத் தடவை மெஷின் பக்கத்தில் ஒரு நர்ஸ். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற முகம், ஆனாலும் சிடுசிடுப்பு இல்லை. முன்னால் இருந்த பித்தப்பைக் கல் அம்மாவைக் கைப்பிடித்து இறக்கிவிட்டு, இவன் நீட்டிய ஃபைலை வாங்கிப் பிரிக்காமலே முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சாக்ஸைக் கழட்டு தம்பி. ஏறி நில்லு. வயசு? உயரம்?"

சொன்னான். அவள் விரல் போய்க் கால்சட்டை பொம்மையை அமுக்கியது. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. இன்னொரு பொத்தான் இருப்பதே தெரியாத மாதிரி அமுக்கினாள்.

அவனுக்கு அது சந்தோஷம் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பட்டினி கிடந்து, தோள் போய், சட்டை தொளதொளவென்று தொங்குகிற இந்த நிலைமையிலும், ஒருத்தி நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துவிட்டு யோசிக்காமல் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து அவன் கேட்டது இவ்வளவுதான். உடம்புக்குள் எங்கேயோ ஒரு மூலையில் மெல்லச் சூடு பரவியது.

மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. நர்ஸ் கிழித்துப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"இருபத்தாறு. ஒரே ஒரு புள்ளி தம்பி. ஆம்பளைங்களுக்கு இருபத்தஞ்சு. இதோ பாரு, தகுதி இல்லைன்னு அதுவே அடிச்சிடுச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது. மறுபடி பட்டியல்ல கடைசிலதான் வரும்."

"ரெண்டு வருசமா?" என்றான்.

"ஆகும்."

பின்னால் வரிசையில் நின்ற குடலிறக்கக்காரருக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை மீசைக்காரர். "அடடா, ஒத்தைப் புள்ளிதானேம்மா? பாத்துப் போட்டுக் குடும்மா தம்பிக்கு. சின்ன வயசு, பாவம்" என்று பரிந்து பேசினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அக்கா ஓரடி முன்னால் வந்தாள். "ஏங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தவள் அவனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பல் டாக்டரின் வரவேற்பில் உட்கார்ந்து ஊரையே சமாளிக்கிறவள். இத்தனை பேர் முன்னால் தன் தம்பியைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. அவளால் முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

பேசாமல் இறங்கிப் போகலாம். தம்பியாகவே போகலாம், இத்தனை பேரும் ஐயோ பாவம் தம்பி என்று வழிவிடுவார்கள். இரண்டு வருடம் இன்னும் இந்தப் பனியனுக்குள் பாதி மூச்சு. அல்லது வாயைத் திறக்கலாம்.

"அந்தப் பட்டன் இல்லைங்க" என்றான்.

"என்னது?"

"நீங்க அமுக்குனது இல்லை. எனக்கு மத்தது."

"எந்த மத்தது?" இருப்பதே இரண்டுதான். விளையாடுகிறானோ என்று அவள் பார்த்தாள்.

"ஃபைலைப் பாருங்க."

அவள் முழங்கைக்குக் கீழேயிருந்து ஃபைலை எடுத்துப் பிரித்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள், அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "மாறிடுச்சா? இது உன்னோடதுதானா?"

"என்னோடதுதான்."

அவள் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். என்ன அறுவை என்று எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. அவள் கெட்டவள் இல்லை. முகம் சிவந்துபோயிற்று. குரலைத் தாழ்த்தினாள், ஆனால் அந்த அறையில் தாழ்த்தினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

"ஒருதடவை அமுக்கினதை மாத்தணும்னா உங்களைக் கேட்டுத்தான் மாத்தணும்ங்க. நீங்க வாயால சொல்லணும். அதான் இங்க விதி. நான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆணா, பெண்ணா?"

குடலிறக்கக்காரர் திடீரென்று சுவரில் இருந்த கை கழுவும் படத்தை உற்றுப் படிக்க ஆரம்பித்தார்.

"பெண்" என்றான் அவன்.

மூன்று வருட ஊசி கொடுத்த அந்தக் கட்டைக் குரலில்தான் அது வெளியே வந்தது. வரிசையில் யாரோ இருமினார்கள். நர்ஸ் இரண்டாவது பொத்தானை அமுக்கினாள். அவன் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். முப்பத்தொன்று. தகுதி. சீட்டின் கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். பெண் என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே, தானே தனக்கு வைத்துக்கொண்ட பெயரை எழுதினான்.

"பதினாலாம் தேதி காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க. வெறும் வயித்துல. சரியா..." என்றாள் நர்ஸ். அதற்குப் பிறகு கூப்பிட ஒரு வார்த்தையைத் தேடினாள். தம்பி என்று வாய் குவிந்தது, நின்றது, அம்மா என்று திறக்கப் பார்த்தது, அதுவும் வேண்டாம் என்று மூடிக்கொண்டது. கடைசியில் ஃபைலைக் கையில் கொடுத்தாள்.

வாசல் படிகளில் இறங்கும்போது அவன் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்தாள். ஒன்றைக் கையில் கொடுத்தாள். தின்றான். இன்னொன்று கொடுத்தாள், அதையும் தின்றான். எண் பார்க்க வேண்டிய வேலை முடிந்துவிட்டது, இனிமேல் தின்னலாம். நாலாவது பிஸ்கட்டை மென்றுகொண்டிருக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ முட்டிக்கொண்டு வந்தது. பனியன் அதை முழுசாக வர விடவில்லை. அழுகை துண்டு துண்டாக, விக்கல் மாதிரி வந்தது. வலித்தது. படிக்கட்டில் அந்தப் பெண்மணி சொன்னதும், அவனே அவன் வாயால் சொன்னதும், போன தோள்களும், எல்லாம் ஒரே நேரத்தில் வலித்தன. அழுதுகொண்டே மென்றான். மெல்லுவதை நிறுத்தவும் முடியவில்லை, அவ்வளவு பசி.

அக்கா அடுத்த பிஸ்கட்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடலிறக்கக்காரர் வேலை முடிந்து படியில் இறங்கி வந்தார். இவர்களைத் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தது அவர் நடையிலேயே தெரிந்தது. இரண்டு படி இறங்கியவர் மனசு கேட்காமல் நின்றார்.

"என்னம்மா, கெடைக்கலையா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"கெடைச்சிருச்சுங்க" என்றாள் அக்கா. "தேதி கெடைச்சிருச்சு. அதான் அழறான்."